தீவகத்துப் பேராசிரியரும் ஒரு வெள்ளித் தமிழும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு மரண அறிவித்தல்களை வாசிக்கும் பழக்கம் இலகுவில் விட்டுப் போகாது. யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களுக்கு என்றே ஒரு வாய்பாடு உண்டு. 'புங்குடுதீவு இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட' என்று அது தொடங்கும். பிரான்ஸ் என்ற இடத்தில் கனடா வரலாம், சுவிற்சர்லாந்து வரலாம். ஒரு மனிதரின் வாழ்க்கை இரண்டு ஊர்ப் பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே அவர் எந்தக் கடல்களைக் கடந்தார், எந்த மொழிகளில் வாழ்ந்தார், எதைக் கற்றார், யாருக்கு எதைக் கற்பித்தார் என்பவற்றுக்கு வாய்பாட்டில் இடமில்லை.

தீவகத்தார் கடல் கடந்த வரலாற்றையும் நாம் இந்த வாய்பாட்டின்படியேதான் எழுதி வந்திருக்கிறோம். புறப்பட்டார்கள், உழைத்தார்கள், பணம் அனுப்பினார்கள், வீடு கட்டினார்கள், கோயில் எடுத்தார்கள். இவை யாவும் உண்மையே. ஆயினும் கடல் கடந்த தீவகத்தார் ஒருவர் அந்நிய நாடுகளில் தங்கி, கற்பித்து, பயணம் செய்து, தமிழ்க் கல்வியின் எல்லையையே மாற்றியமைத்திருக்கிறார். அவருடைய வரலாற்றை மேற்கூறிய வாய்பாட்டுக்குள் அடக்கிவிட முடியாது. ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளைத்தான் குறிப்பிடுகிறேன்.

அடிகளின் தாயார் கரம்பொன்னைச் சேர்ந்தவர். தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். இன்று நெடுந்தீவுப் படகும் நயினாதீவுப் படகும் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் கரை சேருகின்றன. அங்கிருந்து வேலணைக்குக் கடலை ஊடறுத்துத் தாம்போதி செல்கிறது. இறுப்பிட்டியும் கரம்பொன்னும் நெடுந்தீவும் வரைபடத்தில் தனித்தனிப் பெயர்கள். வாழ்க்கையிலோ ஒரே கடலைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள். தண்ணீர் அரிது, வயல் குறைவு, பனையும் கடலும் உண்டு. ஆகவே இளைஞன் ஒருவன் வெளியே போவது அங்கே விதிவிலக்கன்று, வழக்கம்.

மலாயாவுக்குப் போனவர்கள்

அடிகளுக்கு முன் ஆசிய நாடுகளுக்குப் போன யாழ்ப்பாணத்தார் எதைக் கொண்டு போனார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் மலாயாவில் புகையிரதப் பாதை அமைத்தனர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையிலான முதற் பாதை 1885இல் திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் கணக்கெழுதவும் கடிதமெழுதவும் தெரிந்த ஆட்கள் அந்த ஆட்சிக்குத் தேவைப்பட்டனர். அமெரிக்க, ஆங்கில, கத்தோலிக்க மிஷனரிமார் ஏற்படுத்திய பாடசாலைகளால் யாழ்ப்பாணத்தில் அத்தகையோர் நிறைந்திருந்தனர். எழுதுவினைஞர், புகையிரத நிலைய அதிபர், நில அளவைத் துறையினர், மருத்துவ உதவியாளர், ஆசிரியர் என்று பல படிகளில் அவர்கள் சென்றார்கள். தலைமுறைகள் இரண்டு கழிந்தபோது அவர்களிடையிலிருந்து அமைச்சர்களும் உருவாயினர். 1951இல் மலாயாவின் கல்விப் பொறுப்பை ஏற்ற துரைசிங்கம் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரே.

இவர்களில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களைத்தான் யாழ்ப்பாணம் 'மலாயன் பென்சனியர்' என்று அழைத்தது. மாதந்தோறும் வந்த மலாயாப் பணத்தால் பல குடும்பங்கள் நிமிர்ந்தன. ஆனால் அந்த வாழ்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலாயாவில் இரண்டு தமிழ்ச் சமூகங்கள் இருந்தன. ஒன்று ஆங்கிலம் கற்று அலுவலகத்தில் அமர்ந்த யாழ்ப்பாணத்தார். மற்றொன்று தமிழகத்திலிருந்து சென்று இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தொழிலாளர். முதற் சமூகத்தின் பிள்ளைகள் நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்குப் போனார்கள். இரண்டாவது சமூகத்தின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையே கதி. யாழ்ப்பாணத்தார் தமிழை வீட்டிலும் கோயிலிலும் பேணினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களை மலாயாவுக்குக் கொண்டு சென்றதும் உயர்த்தியதும் ஆங்கிலம். தமிழ் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் உரிய உயர்கல்விப் பொருள் என்ற எண்ணம் அந்த வாழ்வில் எளிதாக எழக்கூடியதன்று.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தனிநாயகம் அடிகளும் இதே ஆங்கிலக் கல்வியில் வளர்ந்தவர்தாம். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம் என்று சென்ற அவரது கல்வி, 1934இல் உரோமாபுரிக்குத் திரும்பியது. 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் எனப் பல மொழிகள் கைவந்தன. ஐரோப்பிய இலக்கியங்களை அவற்றின் மூலமொழிகளிலேயே வாசிக்கக்கூடிய அந்த இளங்குருவுக்குத் தமிழ் இலக்கியத்தில் அக்காலத்தில் ஆழமான பயிற்சி இருக்கவில்லை.

மாற்றம் தமிழகத்தில் நிகழ்ந்தது. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்த அவர், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1940இலிருந்து ஐந்தாண்டுகள் பாடசாலையில் பணியாற்றினார். கற்பிக்க வந்த இடத்தில் தமிழைக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. உரோமையில் உயர்பட்டம் பெற்றுக் குருவாகவும் ஆசிரியராகவும் இருந்தவர், இளைஞர்களோடு வகுப்பில் அமர்ந்து தமிழ் முதுகலை முடித்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வேடு எழுதினார். பிறமொழி இலக்கியங்களை முதலில் கற்றுவிட்டுத் தமிழுக்கு வந்ததால், தமிழின் சிறப்பு எது, எல்லா இலக்கியங்களுக்கும் பொதுவானது எது என்று பிரித்தறியும் பார்வை அவருக்கு வாய்த்தது. வெற்றுப் பெருமையிலிருந்து அவரைக் காத்தது இந்தப் பார்வையே என்பது என் கருத்து.

1949இலிருந்து 1951 வரை ஆசியாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீண்ட பயணங்கள் மேற்கொண்டார். தமிழைப் பற்றி ஒன்றும் அறியாத அவைகளில் தமிழைப் பற்றிப் பேசினார். அந்தப் பயணங்கள் அவருக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தின. உலகின் அறிஞருலகம் தமிழைப் புறக்கணித்ததற்குப் பகை மட்டும் காரணமன்று; அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில் தமிழைப் பற்றி நம்பத்தகுந்த எழுத்து போதிய அளவில் இல்லை. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் ஆய்விதழைத் தொடங்கியது இதற்கான விடையே. அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் விரிவுரையாளரானார். பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

தாய்லாந்தில் கேட்ட தமிழ்

தென்கிழக்காசியப் பயணங்களில் அடிகள் தேடியது எது? தாய்லாந்து அரசவையின் பிராமணர்கள் மார்கழி-தை மாதங்களையொட்டி நடத்தும் சடங்குக்குத் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களே இவ்வாறு திரிந்தன என்பது பார்த்தவுடன் விளங்கும். பாங்கொக் நகரின் நடுவே இன்றும் உயர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சற் கம்பங்கள் இந்த விழாவுக்குரியவை. ஊஞ்சலாட்டம் 1930களில் நிறுத்தப்பட்டது, சடங்கு நிற்கவில்லை. ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாமலே, தமிழ்ப் பாசுரங்களின் எச்சம் அவர்களது மந்திரமாகத் தங்கியிருந்தது.

இத்தகைய செய்தி கையில் கிடைத்தால் நம்மில் பலர் மேடையில் முழங்கி ஓய்ந்துவிடுவோம். 'சயாமையே தமிழன் ஆண்டான்' என்று எழுதவும் துணிவோம். அடிகள் தென்கிழக்காசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் செல்வாக்கைப் பற்றி 1955இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தமது ஆய்விதழில் வெளியிட்டார். பிற நாட்டறிஞர் படிக்கவும் சரிபார்க்கவும் மறுக்கவும் இடம் தருவதே ஆய்விதழ். மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆய்விதழில் கேள்வி கிடைக்கும். அவர் கேள்வியைத் தெரிந்தெடுத்தார்.

ஐரோப்பிய நூலகங்களிலும் அவர் இதே முறையில் உழைத்தார். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றியும், பதினாறாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு நூல்களைப் பற்றியும் உலகறிய எழுதினார்.

ஒரு வெள்ளி

இனி, கோலாலம்பூர். இங்கேதான் மேலே சொன்ன இரண்டு மலாயாத் தமிழ்ச் சமூகங்களின் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1950களின் நடுவில், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்க ஏற்பாடு நடந்தது. அத்துறையின் முதன்மை மொழி எது என்பதில் சர்ச்சை மூண்டது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோரின் மொழி தமிழாக இருக்க, தமிழுக்கு இரண்டாமிடமா என்று கொதித்தெழுந்தவர் 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி. அவர் எதிர்ப்பு எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைப்போம் என்பதே வேண்டுகோள்.

அந்த ஒரு வெள்ளியைத் தந்தவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வர்கள் மட்டுமல்லர். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், சிறு கடைக்காரர், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர். தங்கள் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பான் என்ற உறுதி அவர்களிற் பலருக்கு இருந்திருக்க முடியாது. இருந்தும், தாம் ஒருபோதும் வாசிக்கப்போகாத நூல்களுக்காக அந்த மக்கள் உழைத்த பணத்தைத் தந்தார்கள். தமிழ் துறையின் மொழியாயிற்று.

1961இல் அந்த இந்தியவியல் துறைக்குத் தலைவராக அடிகள் கோலாலம்பூர் சென்றார். தாய்நாட்டில் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1961இல் வடக்கு கிழக்குக் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்த காலம் அது. ஆங்கிலத்தைக் கொண்டு மலாயாவில் வாழ்வு தேடிய சமூகத்திலிருந்து, தமிழைக் கற்பிப்பதற்காக ஒருவர் மலாயாவுக்குப் போகிறார். தோட்டத் தொழிலாளியின் ஒரு வெள்ளியும் யாழ்ப்பாணத்தானின் பல்மொழிக் கல்வியும் ஒரே துறையில் சந்தித்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒதுங்கி வாழ்ந்த இரு சமூகங்களுக்கிடையே இதைவிடப் பெறுமதியான சந்திப்பு ஒன்றை நான் அறியேன்.

1969 வரை அவர் அங்கே வாழ்ந்தார். 1964 சனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, வ. அய். சுப்பிரமணியம் முதலிய அறிஞரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். தமிழ் பேசாத நாடுகளில் தமிழாராய்ந்த அறிஞர் பலர் அதில் இணைந்தனர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர் வந்தனர். மலாயாப் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் அந்தாவோ த புரோவன்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை அடிகளின் பதிப்பில் வெளியிட்டது. 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சாகி, வத்திக்கான் நூலகத்தில் உறங்கிய நூல் அது. ஒரு நூலுக்குக் கேரளம், உரோமை, கோலாலம்பூர் என்று மூன்று ஊர்கள். அவற்றை இணைத்தவர் கரம்பொன்னார்.

திரும்பி வந்த தமிழ்

இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிஸிலும் நடந்தன. நான்காவது 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில். அரசு கொழும்பை விரும்பியது. ஏற்பாட்டாளர் யாழ்ப்பாணமே என்று உறுதியாக நின்றனர். ஆய்வரங்குகள் சிறப்பாக நடந்து முடிந்தன. சனவரி 10ஆம் நாள் மாலை வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் நடத்திய தாக்குதலையடுத்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அறுந்து விழுந்த மின்கம்பியில் அகப்பட்டு இறந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

இலங்கைத் தமிழர் அரசியலில் அந்த நாள் உண்டாக்கிய காயத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே கவனிக்க விரும்புவது வேறு. கோலாலம்பூரில் ஒரு நாட்டின் பிரதமர் மேடையேறி வரவேற்ற மாநாடு, அடிகள் பிறந்த மண்ணில் சாவோடு முடிந்தது. அந்நிய நாட்டில் தமிழுக்கு இடம் தேடுவதைவிட, சொந்த நாட்டில் தமிழனுக்குப் பாதுகாப்புத் தேடுவது கடினமாயிற்று. அடிகள் 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டின் மதுரை மாநாட்டைப் பார்க்க அவர் இல்லை. 1981 யூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் அவர் காணவில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகமே பெயர்ந்தது. கரம்பொன்னும் வேலணையும் புங்குடுதீவும் ஆளொழிந்தன. மீளக் குடியேறியவர்கள் சிலர். பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் வேர்விட்டவர்கள் பலர். இறுப்பிட்டியில் கூரையிழந்த வீடுகளின் சுவர்களுக்குள் மரம் முளைத்து நிற்கிறது. முன்னர் மலாயாவுக்குப் போனவன் பென்சன் பெற்றுத் திரும்பி வந்தான். இவர்களுக்கு அவ்வாறு திரும்பும் வழக்கம் இல்லை. ஆகவே தமிழை ஊரில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பும்போது எடுத்துக்கொள்ளும் வசதியும் இவர்களுக்கு இல்லை.

இந்த உண்மையைப் புலம்பெயர்ந்தோர் உணர்ந்தே இருக்கிறார்கள். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை ஊதியமின்றி நடத்துகிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு அறுபது இலட்சம் டொலர் 2018இல் நிறைவாயிற்று. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு முப்பது இலட்சம் டொலர் 2021இல் நிறைவாயிற்று. சாரங்கபாணியின் ஒரு வெள்ளி மரபே இது. சிறுவர் உண்டியலில் சேர்த்த காசுகூட அதில் கலந்திருக்கிறது. இதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

எனினும் நிதி சேர்ந்ததும் கடமை தீர்ந்தது என்று எண்ணினால் வரலாற்றைப் பாதியே வாசித்தவர்களாவோம். மலாயாவில் நிதி நூலகத்தைத் தந்தது. அந்த நூலகத்துக்குப் பயன் தர ஒருவர் முப்பத்திரண்டாம் வயதில் மாணவராகி, பல மொழிகள் கற்று, எட்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து கற்பிக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளையை ஊர்கூடி வாழ்த்துகிறோம். 'தமிழ் ஆராயப் போகிறேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'அதில் என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்கிறோம். நம் பணத்தால் எழுந்த இருக்கைகளில் பிறநாட்டார் அமர்ந்து கற்பிப்பதும் கற்பதும் பெருமைக்குரியதே. அடிகள் விரும்பியதும் அதுவே. ஆனால் அவர்களருகே நம் பிள்ளைகள் சிலராவது அமர்ந்திருக்க வேண்டாமா?

பிரெஞ்சும் டொய்ச்சும் ஆங்கிலமும் தாய்மொழிபோல் பேசும் தீவகத்துப் பேரப்பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடிகள் உரோமையில் அரும்பாடுபட்டுப் பெற்ற மொழிகள் அவர்களுக்குப் பிறப்போடு வாய்த்திருக்கின்றன. அவர் முப்பது வயதுக்குப் பின் தேடிக்கொண்ட தமிழ்தான் அவர்களிடம் குறைவு. அந்தக் குறை நீக்கக்கூடியது என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று. தமிழ் தெரியாது என்று வெட்கித் தலைகுனியும் இருபது வயதுப் பேரனையும் பேத்தியையும் கண்டால், கடிந்துகொள்ளாதீர்கள். கரம்பொன்னில் பிறந்த அந்தக் குருவின் கதையைச் சொல்லுங்கள். அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அவர்களால் தொடங்க முடியும்.